கூட்டுக் கிணறும் தனிப்பட்டாவும்: கணக்கியல் ஆய்வாளரின் கணக்கை யார் எழுதுவது?

1

எங்கள் பக்கத்தில் தோட்டம் கைமாறும்போது எழுதப்படும் கிரயப் பத்திரங்களில் ஒரு வரி தவறாமல் வரும். இத்தனை ஏக்கர், இத்தனை சென்ட் என்று நான்கெல்லையும் சொல்லி முடித்த பிறகு, மேற்படி பூமியிலுள்ள கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், மின்மோட்டாரில் பங்கும், பைப்லைன் பாத்தியமும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும் என்று அது நீண்டுகொண்டே போகும். நிலத்துக்குக் கல் நட்டு எல்லை காட்டிவிடலாம். கிணற்றுத் தண்ணீருக்குள் எங்கே போய்க் கல் நடுவது? அதனால்தான் எழுத்தில் பின்னமாகவும் நடப்பில் 'மொறை'யாகவும் அது இருக்கிறது. திங்கள் செவ்வாய் பெரியவனுக்கு, புதன் வியாழன் நடுவுலவனுக்கு என்று.

புதுச்சத்திரத்தில் என் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் நண்பர் ஒருவர் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். தனியார் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்துகிறவர். கணக்கியலில் ஆய்வு செய்கிறவர். கோழிப் பண்ணைகளிலும் லாரி ஆபீஸ்களிலும் கையால் எழுதப்பட்ட கணக்குப் புத்தகங்களைத் தேடி மூன்று வருஷம் பஸ்ஸில் அலைந்தவர். வரவு செலவு என்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிற எதுவும் அந்த நோட்டுகளில் அந்த மாதிரி இருக்காது. ஒரு லாரி ஆபீஸில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர், அந்தச் சுருக்கெழுத்துகளையும் குறிகளையும் வாரக்கணக்கில் உட்கார்ந்து இவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். கடைசியில் கட்டுரை வந்தது, நான்கு பெயர்களோடு. இவர் பெயர் மூன்றாவது.

படிவம் கேட்ட கேள்விகள்: எத்தனை கட்டுரைகள், எந்தப் பத்திரிகையில், எத்தனையாவது பெயர், எத்தனை மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் எவ்வளவு.

"மூணாவது பேருக்கு மூணு மார்க்குங்க. கிணத்துப் பங்காட்டம் இதையும் பத்திரத்துல எழுதித் தொலைச்சாத் தேவலை" என்றார்.

அலுப்பில் சொன்னதுதான். ஆனால் அவர் தொட்டது கணக்கியல் என்னும் துறையின் மையமான சிக்கல்களில் ஒன்று. பலர் சேர்ந்து உண்டாக்கிய ஒன்றை, அல்லது பலருக்காகச் செய்த ஒரு செலவை, எப்படிப் பிரித்து எழுதுவது? இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்களில் ஒரு தமிழரும் உண்டு.

2

பால வி. பாலச்சந்திரன் 1937இல் புதுக்கோட்டைப் பகுதியில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பாடம் நடத்தி, 1967இல் அமெரிக்கா போனார். 1973இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அதே ஆண்டு முதல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் மேலாண்மைப் பள்ளியில் கணக்கியல் துறையில் ஆசிரியர். 2001இல் பத்மஸ்ரீ. 2004இல் சென்னையில் கிரேட் லேக்ஸ் மேலாண்மைக் கல்லூரியைத் தொடங்கினார். 2021 செப்டம்பரில் காலமானார். தமிழில் அவரைப் பற்றி வந்தவை பெரும்பாலும் 'சாதனைத் தமிழர்' வகைப் பாராட்டுகள். பட்டங்களும் பதவிகளும் வரிசையாக வரும்; அந்த மனிதர் எதைப் பற்றி யோசித்தார் என்பது வராது. (நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் 'மேனேஜ்மெண்ட்' என்ற சொல்லைக் கேட்டதுமே பக்கத்தைப் புரட்டிவிடுகிற பழக்கம் வேறு. மூலதனத்தின் மொழியைப் படிக்காமலே மூலதனத்தை விமர்சிக்கலாம் என்ற நம்பிக்கை நம்மிடம் கொஞ்சம் அதிகம்தான்.)

1981இல் 'தி அக்கவுண்டிங் ரெவ்யூ' இதழில் பாலச்சந்திரனும் ராம் டி. எஸ். ராமகிருஷ்ணனும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூட்டுச்செலவுப் பங்கீடு பற்றியது. ஒரே செலவைப் பல பிரிவுகள் அனுபவிக்கும்போது அதை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு அதுவரை ஆளாளுக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த முறைகளை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்து பார்ப்பதுதான் கட்டுரையின் நோக்கம்.

இதை எங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்லிப் பார்க்கலாம். ஒரு கிணறு, அதிலிருந்து ஒரே கோட்டில் மூன்று தோட்டங்கள். அண்ணன் தோட்டம் பக்கத்தில், நடுவுலவன் தோட்டம் அதைத் தாண்டி, தம்பி தோட்டம் கடைசியில். பைப் புதைக்க ஒவ்வொரு துண்டுக்கும் முப்பதாயிரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் தொண்ணூறாயிரம். தம்பி சொல்வான்: "மூணு பேருக்கும் சமமாப் போட்டுரலாம், ஆளுக்கு முப்பது." நடுவுலவன் சொல்வான்: "காட்டு அளவுக்குப் போடு." அண்ணனுக்கு மூன்று ஏக்கர், நடுவுலவனுக்கு இரண்டு, தம்பிக்கு ஒன்று என்றால் கணக்கு நாற்பத்தைந்து, முப்பது, பதினைந்து என்று வரும். அண்ணன் சும்மா இருப்பாரா? "நான் இருந்தாலும் இல்லாட்டியும் உங்க பைப்பு என் வரப்பு மேலதான போகோணும்? நான் எதுக்குத் தரோணும்?" என்பார். அவர் கணக்கில் அவருக்குச் சுழி. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்து, "மொதத் துண்டு மூணு பேருக்கும் பொது, ஆளுக்குப் பத்து. ரெண்டாவது துண்டு ரெண்டு பேருக்கு, பதினஞ்சு பதினஞ்சு. கடைசித் துண்டு தம்பிக்கு மட்டும், முப்பது" என்று பிரித்தால் பத்து, இருபத்தைந்து, ஐம்பத்தைந்து என்று வரும்.

பெரியவர் சொன்ன இந்தக் கணக்குக்குக் கணிதத்தில் பெயர் உண்டு. லாயிட் ஷேப்லி 1953இல் முன்வைத்த முறையை இந்தப் பைப்லைனுக்குப் போட்டால் அச்சு அசலாக இதே விடைதான் வரும். யார் முதலில் வந்தார், யார் பின்னால் வந்தார் என்ற எல்லா வரிசைகளையும் போட்டுப் பார்த்து, ஒவ்வொருவர் வருகையாலும் கூடுகிற செலவின் சராசரியை எடுப்பது அந்த முறை. ஷேப்லிக்கு 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

ஆக ஒரே பைப்புக்கு நான்கு நியாயங்கள். எந்த நியாயம் சரி? இங்கேதான் ஆர்தர் தாமஸ் என்ற கணக்கியலாளர் வருகிறார். 1969இலும் 1974இலும் அமெரிக்கக் கணக்கியல் சங்கம் வெளியிட்ட அவருடைய இரண்டு ஆய்வுகள் ஒரு சங்கடமான முடிவைச் சொல்லின. கூட்டாக உண்டானதைப் பிரித்து எழுதும் பங்கீடுகளில் எதையும் உலகத்தைப் பார்த்து 'ஆமாம், சரி' என்று மெய்ப்பிக்க முடியாது. 'இல்லை, தப்பு' என்று பொய்ப்பிக்கவும் முடியாது. அது ஒரு முடிவு, அவ்வளவுதான். பங்காளிகள் ஒத்துக்கொண்டால் ஓடும். தாமஸுக்குப் பிறகும் நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பங்கிடாமல் கணக்கை மூட முடியாது. ஆனால் அந்த எண் இயற்கையாக விளைந்தது என்று ஒரு கணக்கியலாளர் இனி வெள்ளந்தியாகச் சொல்ல முடியாது.

பாலச்சந்திரன் - ராமகிருஷ்ணன் இணை 1987இல் 'ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்' இதழில் வெளியிட்ட இன்னொரு கட்டுரை தணிக்கை நிறுவனங்களின் பங்காளிமுறை பற்றியது. கூட்டுச்செலவு, கூட்டாளிகள் என்று கூட்டு பற்றியே எழுதிய, அதுவும் கூட்டாகவே எழுதிய இந்த ஆய்வாளர்களின் சொந்தக் கணக்கு எந்தப் பேரேட்டில், எந்த விதிப்படி எழுதப்படுகிறது?

3

மேற்கோளை எண்ணும் வழக்கம் ஆளை எடைபோடப் பிறந்ததல்ல. 1927இல் கிராஸ் என்ற இருவர், ஒரு சிறிய கல்லூரி நூலகம் தன் கையிருப்புப் பணத்தில் எந்த வேதியியல் இதழ்களை வாங்கலாம் என்று தெரிந்துகொள்வதற்காக, ஓர் இதழின் அடிக்குறிப்புகளை உட்கார்ந்து எண்ணினார்கள். அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 1873 முதலே இன்னொரு பழக்கம் இருந்தது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று காட்டும் ஷெப்பர்ட் அட்டவணை அது. யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் இதே மாதிரி அறிவியலுக்கும் ஓர் அட்டவணை வேண்டும் என்றார். 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளிக்கொண்டுவந்தார். ஒரு கருத்து எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடிப் போக அது ஒரு தடம். நம் சீர்காழிக்காரர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1948இல் நூலகப் பணிகளைப் புள்ளியியல் கொண்டு அளக்க 'லைப்ராமெட்ரி' என்று பெயர் வைத்ததும் நூலகத்துக்காகத்தான். கணித ஆசிரியராக இருந்து நூலகத்துக்கு வந்தவர் அவர். வாசகருக்குப் புத்தகம் கிடைக்க வேண்டும், அதற்குக் கணக்கு வேண்டும். அவ்வளவுதான்.

இந்தப் பேரேடு எப்போது ஆளின் பெயருக்குத் திறக்கப்பட்டது என்று கேட்டால், கணக்கியல் துறைக்குள் அதற்குத் தெளிவான தடயம் கிடைக்கிறது. லாரன்ஸ் பிரவுனும் ஜான் கார்ட்னரும் 1985இல் கணக்கியல் ஆய்வுகளின் மேற்கோள்களை எண்ணி ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பில் அவர்கள் அளப்பதாகச் சொன்னது இதழ்களையும் கட்டுரைகளையும். 1996இல் அதே பிரவுன் மறுபடி எண்ணினார். இந்த முறை தலைப்பிலேயே செல்வாக்குள்ள கட்டுரைகளோடு 'தனிநபர்கள்' வந்துவிட்டார்கள். முனைவர் பட்டம் தரும் நிறுவனங்களும் ஆசிரியர் குழாம்களும் பின்னாலேயே வந்துவிட்டன. பதினோரு ஆண்டுகளில் இதழிலிருந்து ஆளுக்கு. தலைப்புகளை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே ஓர் அதிகார வரலாறு தெரிகிறது.

இதில் வேடிக்கை, அந்த 1996 கட்டுரை வந்த இடம். 'அக்கவுண்டிங், ஆர்கனைசேஷன்ஸ் அண்ட் சொசைட்டி' என்ற இதழ். ஆன்டனி ஹாப்வுட் 1976இல் தொடங்கியது. கணக்கை வெறும் தொழில்நுட்பமாகப் பார்க்காமல் சமூக நடைமுறையாகப் பார்க்க வேண்டும் என்றவர்களின் களம் அது. 1986இல் கீத் ஹாஸ்கினும் ரிச்சர்ட் மேக்வும் ஃபூக்கோவை எடுத்துக்கொண்டு அங்கேதான் எழுதினார்கள். தேர்வும் கணக்கும் ஒரே அறிவு - அதிகார வேரில் கிளைத்தவை, மனிதருக்கு மதிப்பெண் போடும் உத்தியும் பொருளுக்கு மதிப்புப் போடும் உத்தியும் பல்கலைக்கழகத்தின் எழுத்து நடைமுறைகளுக்குள் உருவானவை என்பது அவர்கள் வாதம். அடுத்த ஆண்டே பீட்டர் மில்லரும் டெட் ஓ'லியரியும், செலவுக் கணக்கு எப்படி 'ஆளத்தக்க மனிதனை'க் கட்டமைத்தது என்று அதே இதழில் எழுதினார்கள். தொழிலாளியின் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு தரநிலைச் செலவு குறிக்கப்பட்டதும், அவனுடைய சோம்பலும் சுறுசுறுப்பும் நிர்வாகத்தின் கண்ணுக்கு எண்ணாகத் தெரிய ஆரம்பிக்கிறது. கண்டிக்க ஆள் வர வேண்டியதில்லை, எண்ணே கண்டிக்கும். தனிநபரை அளக்கும் சொல்லாடலைத் தோலுரித்த அதே பக்கங்களில், பத்து வருஷம் கழித்துத் தனிநபர் தரவரிசை. இதழ்க்காரர்களைக் குறை சொல்ல வரவில்லை. விமர்சனமும் எண்ணப்படும் என்பதுதான் விஷயம். மில்லர், ஓ'லியரி கட்டுரை அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறவற்றில் ஒன்று. ஆளத்தக்க மனிதன் பற்றி எழுதியவர்களின் சுயவிவரப் பட்டியலில் அதுவும் ஒரு வரவு.

எண்ணிக்கை எப்போதும் பின்னால்தான் வரும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நவீன கணக்கியல் ஆய்வின் போக்கையே மாற்றியதாகச் சொல்லப்படும் ரே பால், பிலிப் பிரவுன் இருவரின் 1968ஆம் ஆண்டுக் கட்டுரையை முதலில் 'தி அக்கவுண்டிங் ரெவ்யூ' ஏற்கவில்லை. வேறு இதழில் வந்தது. அந்த இதழை நடத்தும் அதே கணக்கியல் சங்கம் 1986இல் அதற்கு விருது கொடுத்தது. பதினெட்டு வருஷம்.

4

இப்போது கிணற்றுக்கு வருவோம். ஒரு கட்டுரையை நான்கு பேர் எழுதுகிறார்கள். அதை நூறு பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். பேரேட்டில் யார் பெயரில் எத்தனை?

ஆளுக்கு நூறு. ஸ்கோபஸ் ஆனாலும் கூகுள் ஸ்காலர் ஆனாலும் இதுதான் வழக்கம். பங்கீடே கிடையாது. கிணற்றில் நான்கில் ஒரு பங்கு என்று எழுத வேண்டிய இடத்தில் நான்கு பத்திரங்களிலும் 'கிணறு முழுவதும்' என்று எழுதிக் கொடுத்த கதை. சப்-ரிஜிஸ்திராரிடம் இந்த மாதிரி நான்கு பத்திரம் போனால் விடுவாரா?

ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் எச்-இன்டெக்ஸைக் கொண்டுவந்தார். ஒருவர் எழுதியவற்றில் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து மேற்கோளாவது பெற்றிருந்தால் அவருடைய எண் பத்து, இப்படிப் போகும். அந்த எண்ணிலும் கூட்டாசிரியர்களுக்கு இடமில்லை. ஹிர்ஷே 2010இல், கூட்டாசிரியர் பிரச்சினையைக் கணக்கில் எடுக்கும் இன்னொரு குறியீட்டை முன்மொழிந்தார். அது பெரிதாகப் புழக்கத்துக்கு வரவில்லை. வராது. எல்லோருக்கும் முழுக் கிணறு கிடைக்கிற பேரேட்டை விட்டுவிட்டுப் பங்குக் கிணற்றுக்கு யார் வருவார்கள்?

நம்மூரில் இதற்கு அரசாங்க வடிவமும் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 விதிகள் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தபோது, கூட்டுக் கட்டுரை என்றால் முதல் ஆசிரியரும், பொறுப்பாசிரியர் அல்லது வழிகாட்டியும் அறுபது சதத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், மீதி நாற்பதை மற்றவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. நியாயமோ அநியாயமோ, கூட்டினால் நூறு வரும். 2018 விதிகளில் கணக்கு மாறியது. இரண்டு பேர் என்றால் ஆளுக்கு எழுபது சதம். அதற்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு எழுபது, மற்ற ஒவ்வொருவருக்கும் முப்பது. வணிகவியல் கட்டுரைக்கு அடிப்படை மதிப்பெண் பத்து. இரண்டு பேர் எழுதினால் ஏழும் ஏழும் பதினான்கு. நான்கு பேர் எழுதினால் ஏழு, மூன்று, மூன்று, மூன்று, ஆகமொத்தம் பதினாறு. தனியாக உட்கார்ந்து எழுதினால் பத்தேதான்.

ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்று முதல் வருஷ பி.காம். பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியரின் பதவி உயர்வை, பத்து ரூபாயைப் பங்கிட்டால் பதினாறு வருகிற கணக்கு தீர்மானித்திருக்கிறது. பெயர் சேர்க்கச் சேர்க்கப் பெருகுகிற பண்டத்தில் பெயர் சேர்க்காமல் இருப்பவன் ஏமாளி. "நீ என் பேரைப் போடு, நான் உன் பேரைப் போடறேன்" என்பதைத் தனிமனித ஒழுக்கக்கேடு என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். அந்த ஒழுக்கக்கேட்டின் விலைப்பட்டியலை அச்சடித்துக் கொடுத்தது விதி. கணக்கியலாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். எந்தப் பங்கீட்டு விதியும் தன்னை ஒட்டிய நடத்தையை உண்டுபண்ணும் என்பது அவர்கள் பாடம்.

5

லாபத்தை இப்படிப் பங்கிட்டார்கள் சரி, நட்டத்தை?

ஜேம்ஸ் ஹன்டன், பாஸ்டனுக்குப் பக்கத்தில் பென்ட்லி பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியர். மளமளவென்று எழுதிக் குவித்தவர். 2010இல் இன்னொருவரோடு சேர்ந்து 'தி அக்கவுண்டிங் ரெவ்யூ' இதழில் அவர் வெளியிட்ட கட்டுரையின் பொருள், தணிக்கையாளர்கள் கூடிப் பேசி மோசடியைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது. ஒரு தணிக்கை நிறுவனத்தின் 150 அலுவலகங்களில் சோதனை நடத்தியதாகக் கட்டுரை சொன்னது. அந்த 150இல்தான் இடறியது. கேட்ட ஆதாரங்களைத் தர முடியாமல் 2012இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவரும் பதவி விலகினார். 2014இல் வெளியான பல்கலைக்கழக விசாரணை அறிக்கை, இரண்டு கட்டுரைகளின் தரவுகள் புனையப்பட்டவை என்று முடிவு செய்தது. 2015இல் கணக்கியல் சங்கம் தன் இதழ்களிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட அவருடைய கட்டுரைகளை நீக்கியது.

மோசடியைப் பிடிப்பது பற்றிய கட்டுரையே மோசடி என்பதில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் கட்டுரைகள் பலவற்றில் கூட்டாசிரியர்கள் இருந்தார்கள். தரவு சேகரித்ததெல்லாம் ஹன்டன். பழியும் ஹன்டனுக்கே போனது. மற்றவர்கள் அறியாமல் சிக்கிக்கொண்டவர்கள். இருக்கலாம், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் யார் எந்த வேலையைச் செய்தார் என்ற பங்குக் கணக்கு அப்போதுதான் முதல்முறையாக வெளியே வந்தது என்பதைக் கவனியுங்கள். மேற்கோள் வந்துகொண்டிருந்த வரைக்கும் அந்தக் கேள்விக்கு அவசியமே இல்லை, எல்லோருக்கும் முழுக் கிணறு. கிணறு வற்றிய அன்றைக்குத்தான் பத்திரத்தைத் தேடுகிறார்கள்.

6

கூட்டை உடைத்துத் தனிப்பெயரில் எழுதும் உத்தி எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. ஒருவகையில் இங்கேதான் ஒத்திகை பார்க்கப்பட்டது. 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்த பாராமகாலிலும் சேலத்திலும்தான் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களும் நிலத்தை அளந்து, வயல் வயலாகத் தீர்வை குறித்து, ஒவ்வொரு குடியானவனோடும் நேரே கணக்கு வைக்கும் முறையை உருவாக்கினார்கள். அந்த உதவியாளர்களில் ஒருவர் பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. நடுவில் மிட்டாக்களாக ஏலம் விட்ட கதையும் உண்டு. ஆனாலும் ரயத்துவாரி என்று பிறகு மாகாணம் முழுக்கப் பரவியதன் வேர் இந்தப் பக்கத்துப் புழுதியில்தான்.

அரசு அதில் தேடியது ஒரு பெயர். வரி கட்டுகிற, கட்டாவிட்டால் பிடிக்கக் கூடிய ஒரு பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் உழைத்த பண்ணையாள், களை பறித்த பெண்கள் யாரும் பட்டாவில் இல்லை. கர்ணம் எழுதிய கணக்கில் இல்லாதவன் நிலத்தில் இருந்தும் இல்லாதவன். பரம்பரைக் கர்ணங்களின் பதவி 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டது. கணக்கு நோட்டு கை மாறியது. பெயரைத் தேடும் அதன் புத்தி அப்படியே இருக்கிறது. இன்றும் 'கூட்டுப்பட்டா' என்றால் பேங்க்காரர் முகம் சுளிப்பார். "தனிப்பட்டாவா மாத்திட்டு வாங்க, லோன் பாக்கலாம்" என்பார்.

ஆய்வாளரின் மேற்கோள் கணக்கு அவருடைய தனிப்பட்டா. பாலச்சந்திரன் பெயரில் 1981ஆம் ஆண்டுக் கட்டுரை ஏறியிருக்கிறது, 1987ஆம் ஆண்டுக் கட்டுரை ஏறியிருக்கிறது. அவர் வகுப்பில் உட்கார்ந்து கற்றவர்கள் ஏறவில்லை. கட்டிய கல்லூரி ஏறவில்லை. அந்தக் கல்லூரி யாருக்காக, யார் கட்டக்கூடிய கட்டணத்தில் என்று நமக்குக் கேள்விகள் உண்டு. ஆனால் விமர்சிக்கவும் அது முதலில் கணக்கில் தெரிய வேண்டுமே? பேரேட்டில் அந்த மனிதரின் வேலைக் காலத்தின் சரிபாதி வெற்றிடம். நல்லதோ கெட்டதோ அவர் செய்த பெரிய காரியம் அதற்குள் விழுந்துவிட்டது.

இது ஒரு பேராசிரியர் விஷயம், அவருக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நண்பர் போன்றவர்களுக்கு? லாரிக் கணக்கு பற்றி அவர் தமிழில் எழுதி வைத்திருக்கும் நூறு பக்கங்கள் பட்டா நிலமே இல்லை, புறம்போக்கு. மேற்கோள் என்பது பேரேட்டுக்குள் இருக்கும் ஒருவர் பேரேட்டுக்குள் இருக்கும் இன்னொருவரைச் சுட்டுவது. வெளியே இருப்பவன் ஆயிரம் பேருக்கு வழிகாட்டியிருந்தாலும் அது விரல் நீட்டாத உதவிதான். இந்த இதழின் அடிக்குறிப்புகளை எந்த அட்டவணை எண்ணப்போகிறது? எண்ண வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. எண்ணினால் நாமும் நாளைக்கு ஆசிரியர் குழுவில் ஒருவர் பெயரை ஒருவர் மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்துவிடுவோம், நம்மைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

நண்பர் படிவத்தை என் வீட்டு மேசையிலேயே நிரப்பினார். கட்டுரை ஒன்று. பெயர் வரிசை மூன்று. மேற்கோள் இரண்டு. அதில் ஒன்று அவர் கட்டுரையின் முதல் ஆசிரியர் தன்னையே காட்டியது. "இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்லீங்க" என்று பேனாவை மூடினார்.

எடுத்துப்போன நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க அந்த லாரி ஆபீஸுக்கு அவர் போனபோது நடந்ததைக் கிளம்பும்போதுதான் சொன்னார். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அச்சான கட்டுரையைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார். அதிலிருக்கும் ஓர் அட்டவணையைத் தொட்டு, "இது எங்க நடைக் கணக்குதான?" என்று கேட்டிருக்கிறார். ஆங்கிலம் தெரியாது, எண்களை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். ஆமாம் என்றதும் கேட்டாராம், "எம் பேரு எங்க வருது தம்பி?"

கட்டுரையில் அவர் 'தகவலாளி 17'.